மீண்டும் வருக

சென்னையில் ஹோட்டல் நடத்திப் பெரிய ஆளான தணிகாசலம், மலேசியாவில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை கட்டினார். வெளியே போகிற ஒவ்வொருவரிடமும் கைகூப்பி, "மீண்டும் வருக" என்று சொல்ல வேண்டும் என்பது அவர் உத்தரவு.

"நோயாளிங்ககிட்ட அதை எப்படி சார் சொல்றது?" என்றாள் வரவேற்பில் இருந்த புஷ்பலீலா.

"என் ஹோட்டல்ல எல்லாரும்தான் சொல்றாங்க. உனக்கு வாய் வராதுன்னா வேலையை விட்டுப் போ!"

திறப்பு விழாவன்று, நிருபர்கள் பார்க்க, தணிகாசலமே முதல் ஆளாக ஸ்கேன் எடுத்துக்கொண்டார். உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தவரைப் பார்த்துப் புஷ்பலீலா கைகூப்பினாள்.

"மீண்டும் வருக, சார்!"

"வாயைக் கழுவும்மா! நான் எதுக்கு இங்க திரும்பி வரணும்?"

நிருபர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சரி, வேற என்னதான் சொல்றது?"

"போங்க சார். இந்தப் பக்கமே வராதீங்க."