பூட்டு போட்ட டீசல் டிரம்

ஊரில் எல்லோரும் திருடர்கள் என்பது மிராசு அம்பலவாணரின் அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் டிராக்டருக்கான டீசல் டிரம்மைத் தன் கண்ணில் படும்படி வாசலில், வெட்டவெளியில் நிறுத்தியிருந்தார். மூடியைத் தானே துளைத்து, வளையம் மாட்டிப் பூட்டியும் இருந்தார். சாவி அவர் இடுப்பில்.

அடைமழை விட்ட மறுநாள் டிராக்டர் வயலில் இருமிவிட்டு நின்றுபோனது. டிரைவர் காத்தமுத்து ஃபில்டரைக் கழற்றினான். தண்ணீர் கொட்டியது.

"டீசலைத் திருடிட்டு எவனோ தண்ணியை ஊத்தியிருக்கான். நான் காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள திருடனைக் காட்டு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ" என்றார் மிராசு, வாசலில் ஊரார் முன்னால்.

"திருடினவனைத் தெரியாதுங்க. தண்ணி ஊத்தினவனைத் தெரியும். ஐயா டிரம்முக்குள்ள குச்சி விட்டு அளவு பார்த்து, 'பூட்டு போட்டதிலேருந்து டீசல் ஏறுமுகம்தான்'னு பெருமைப்பட்டீங்களே, அப்பதான் ஊத்தியிருக்கான்."

காத்தமுத்து ஒரு செம்புத் தண்ணீரை டிரம்மின் மூடிமேல் ஊற்றினான். தேங்கிய தண்ணீர் பூட்டு வளையத்தைச் சுற்றி மெல்ல உள்ளே இறங்கிப்போனது.

"மழைதாங்க ஊத்தியிருக்கு. துளை போட்டுக் கொடுத்தவரையும் காட்டணுங்களா?"

மிராசின் காபி ஆறிப்போனது. அன்றே டிரம் கொட்டகைக்குள் போயிற்று. பூட்டு மட்டும் இன்னும் தொங்குகிறது. மிராசுக்கு இப்போதும் மழைமேல் சந்தேகம் இல்லை, ஊரார்மேல்தான்.