அடுத்த எலை

அந்தோனியார் கோவில் அசனத்துக்கு அமலிதான் சமையல். ஆயிரம் பேருக்கு ஆட்டுக்கறிச் சாப்பாடு. பன்னெண்டு ஆடு, ஆறு அண்டா, ஒரு நாக்கு. அந்த நாக்குக்குப் பயந்தே கறி சீக்கிரம் வேகும்னு ஊர்ல சொல்லுவாங்க. அமலிக்கு வயசு முப்பத்தெட்டு.

உபதேசியார் யாகப்பனுக்கு அறுபத்தொண்ணு. முப்பது வருசமா கோவில்ல மைக் புடிச்சு செபம் சொல்லிக் குடுக்கிறவரு. அசனத்தன்னைக்குக் காலையில அடுப்படிக்கு வந்து, ஒரு சாக்கை விரிச்சு உக்காந்தாரு.

"அமலி, இன்னைக்கு நீ வாத்திச்சி. நான் படிக்க வந்திருக்கேன்."

"என்ன படிக்கணும்?"

"அடுத்திருப்பவர் மேல அன்பு வைக்கிறது எப்படி?"

"அத நீங்கதான வாராவாரம் சொல்லுதிய?"

"சொல்லுதேன். நான் சொல்லும்போதெல்லாம் சிலுவைமுத்து மொத பெஞ்சுல உக்காந்து இருமுதான்."

சிலுவைமுத்து அவருக்கு அடுத்த வீடு. அந்த வீட்டு முருங்கை, இவர் வீட்டு முத்தத்துல கம்பளிப்பூச்சியா கொட்டுச்சு. உபதேசியார் ஒரு நாள் கேக்காம கொள்ளாம கொப்பை வெட்டிட்டாரு. ரெண்டு வருசமாச்சு. பேச்சு கெடையாது. இருமல் மட்டும்தான்.

அமலி அகப்பையை மைக் மாதிரி வாய்க்கிட்ட புடிச்சா. "அன்பார்ந்த இறைமக்களே, நமக்கு அடுத்திருப்பவர் மேல..." மூக்கால இழுக்கிறது வரைக்கும் உபதேசியார் அப்படியே வந்தாரு. அங்க நிறுத்துனா. அகப்பையை எறக்குனா. தொண்டையச் செருமி, ரெண்டே ரெண்டு இருமல்.

அது சிலுவைமுத்து.

வெறகு தள்ளிக்கிட்டிருந்தவங்க சிரிச்சாங்க. உபதேசியாருக்கும் சிரிப்பு வந்துச்சு. கூடவே கண்ணும் நெறஞ்சுச்சு.

"சிரிக்காத தாயி. நானும் அவனும் சின்னப் புள்ளையில ஒரே நாள்ல கோவில்ல புதுநன்மை வாங்குனவங்க. நாளைக்கு நான் செத்து என் பெட்டிய எடுக்கும்போதும் அவன் இருமிக்கிட்டே நிக்கக் கூடாது."

அமலி அகப்பையை அண்டாவுல போட்டா. "என்ன செஞ்சு பாத்திய?"

"பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணுனேன். மூணு அருள்நிறை செபம் சொல்லச் சொன்னாரு சாமியாரு. சொன்னேன். அவன் இருமல் நிக்கல. கிறிஸ்மஸுக்குத் தட்டு நெறைய முறுக்கு குடுத்தனுப்புனேன். தட்டு திரும்பி வந்துச்சு."

"என்ன வச்சு வந்துச்சு?"

"வெறுந்தட்டு. நல்லா கழுவி."

அமலி ஒரு மூட்டையக் காட்டுனா.

"வெங்காயம் உரிங்க."

உரிச்சாரு. பாதி மூட்டையில ஒரு அழுகுன வெங்காயத்த நல்லதோட சேத்துப் போட்டாரு. அமலி குனிஞ்சு அத எடுத்து வெளிய எறிஞ்சா.

"ஆயிரம் பேருக்குள்ள ஒரு வெங்காயம் தாயி. யாருக்குத் தெரியப் போகுது?"

"திங்கிறவருக்குத் தெரியும்."

மூட்டை முடிஞ்சுச்சு. உபதேசியார் மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிமிந்தாரு. "பதில்?"

"பூண்டு."

மத்தியானம் செபம் முடிஞ்சு பந்தி உக்காந்துச்சு. அமலி ஒரு வாளி நெறைய கறிக்குழம்பு மொண்டா. கரண்டிய அடி வரைக்கும் விட்டு ஒரு சுத்து சுத்தி, அவர் கையில குடுத்தா.

"எதுக்கு இந்தச் சுத்து?"

"கறி கனம்லா, கீழ போயிரும். எண்ணெய் மேல வந்து மினுக்கும்."

"இதுதான் பதிலா?"

"இது குழம்பு. மூணாவது வரிசை உங்களுக்கு. சிலுவைமுத்து அண்ணன் அதுலதான் இருக்காவ. ஒம்பதாவது எலை."

உபதேசியார் மொத எலையில இருந்து ஊத்திக்கிட்டே போனாரு. கை இங்க இருந்துச்சு. கண்ணு ஒம்பதாவது எலையில இருந்துச்சு.

ஒம்பதாவது எலை வந்துச்சு. வாளியக் கீழ வச்சாரு. கரண்டிய அடியில விட்டுத் தொழாவுனாரு. ஒரு நல்லி எலும்பு. ஒரு துண்டு ஈரல். ரெண்டு நெஞ்செலும்பு. எல்லாத்தையும் வச்சாரு. மறுபடியும் தொழாவி இன்னொரு நல்லி.

சிலுவைமுத்து எலையப் பாத்தாரு. ஆளப் பாத்தாரு. தொண்டை ஒரு தடவ ஏறி எறங்குச்சு. உபதேசியார் இருமலுக்குக் காத்திருந்தாரு.

"பூச்சி போயிருச்சா?"

"போயிருச்சு. கொப்பு?"

"மறுபடியும் துளுத்துருச்சு."

"உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் நான்."

"கேட்டிருந்தா நானே வெட்டியிருப்பேன். போம் வே, சோறு ஆறுது."

மிச்ச எலைக்கெல்லாம் எப்படி ஊத்துனாருன்னு உபதேசியாருக்கே தெரியாது. அடுப்படிக்கு வரும்போது அவர் கால் தரையில பாவல.

"அமலி, பேசிட்டான். ரெண்டு வருசம், ரெண்டு நல்லி எலும்புல முடிஞ்சுபோச்சு. கெடச்சிருச்சு தாயி பதிலு."

அமலி மொகம் முழுக்கச் சிரிச்சா. அவர் கையப் புடிச்சு ஸ்டூல்ல உக்கார வச்சு, ஒரு சொம்புத் தண்ணி குடுத்தா. குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னா.

"அடுத்தது யாரு?"

"எனக்கு அடுத்தது அவன்தான."

"உங்களுக்கு இல்ல. அவருக்கு. பத்தாவது எலையில யாரு இருந்தா?"

உபதேசியார் யோசிச்சாரு. சொம்பை எறக்கி வச்சிட்டு யோசிச்சாரு.

"வெளியூர் ஆளா இருக்கும்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பாக்கலயே."

"கறி விழுந்துச்சா?"

அவர் வாளிய எட்டிப் பாத்தாரு. குழம்பு மினுக்கிக்கிட்டு இருந்துச்சு. கரண்டிய உள்ள விட்டு ஒரு சுத்து சுத்துனாரு. எதுவும் தட்டல.

அமலி அண்டாவக் கலக்கி, வாளிய மறுபடியும் நெறச்சா.

"பந்தி இன்னும் எந்திரிக்கல. போங்க."

உபதேசியார் வாளியத் தூக்கிக்கிட்டு நாலு எட்டு வச்சாரு. நின்னாரு. திரும்பி வந்தாரு.

"மொகத்தயே பாக்கலயே தாயி. எடையில வேற ஆளுங்களும் எலை போட்டு உக்காந்துட்டாங்க. அந்த ஆளு யாருன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாதுல்லா?" அமலி சொன்னா. "அப்ப எல்லாருக்கும் அடியில இருந்து கலக்கி ஊத்துங்க."