ஊறுகாய் பாட்டிலில் ஒரு குடுமி

காவிரிக்கரையில் உள்ள கீழப்பந்தல் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடம் தலையில் கத்தி படக் கூடாது. மூன்றாம் வருடம் மாசி மகத்தன்று, வளர்ந்த முடியைக் குடுமியாக முடிந்து, குரு தன் கையால் அறுத்து ஆற்றில் விடுவார். காவி அதற்குப் பிறகுதான்.

சிற்றம்பலம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர். மனைவி காலமாகி, மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு ஒரு துணிப்பையோடு மடத்துக்கு வந்தார். குரு அருள்வேலர் அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர். அதைப் பற்றி இருவரும் கவலைப்பட்டதில்லை.

கவலை வேறு பக்கத்திலிருந்து வந்தது. முதல் வருடம் முடியும்போது தலையணையில் முடி கிடந்தது. சிற்றம்பலம் பழக்க தோஷத்தில் எண்ணினார். ஒரு நோட்டு வாங்கி எழுதினார். “ஐப்பசி நாலு: எழுபத்திரண்டு.” மறுநாள் எண்பத்தொன்று. உதிர்ந்ததை எங்கே போடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் வருடம் உச்சந்தலை தெரிந்தது. அறுக்கக் குடுமியே இல்லாவிட்டால் குரு எதை அறுப்பார்? காவியை யாருக்குக் கொடுப்பார்? சிற்றம்பலத்துக்குத் தூக்கம் போயிற்று.

சமையல்கட்டுக்குப் போனார்.

“பொன்னுரங்கம், நாளையிலேருந்து எனக்குக் கறிவேப்பிலைத் துவையல். ராத்திரிக்குக் கொள்ளு. காலையில கரிசலாங்கண்ணிச் சாறு ஒரு டம்ளர். எள்ளுருண்டை ரெண்டு.”

“இது மடமா, மாப்பிள்ளை வீடா?” என்றார் சமையல்காரர். ஆனாலும் செய்து கொடுத்தார்.

ஆறு மாதம் தின்றார். முடி வளரத்தான் செய்தது. காதில் வளர்ந்தது. தோளில் வளர்ந்தது. தாடி நெஞ்சைத் தொட்டது. தலை மட்டும் தேய்த்து வைத்த குத்துவிளக்குப் போல மின்னியது.

பொன்னுரங்கம் ஒரு நாள் தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “மீட்டர்காரரே, ஒண்ணும் குறையில்லை. தலையைத் தலைகீழா மாட்டிட்டாங்க, அவ்வளவுதான்.”

அந்த மாதம் மடத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. டாக்டர் நிலோஃபர் ரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்தார். சிற்றம்பலம் நோட்டோடு போய் உட்கார்ந்தார். டாக்டர் இரண்டு பக்கம் புரட்டினார்.

“தினமும் எண்ணுறீங்களா?”

“மழை நாள்ல கூட, டாக்டரம்மா.”

“ஐயா, ஆம்பளை ஹார்மோன்னு ஒண்ணு இருக்கு. பரம்பரையா வழுக்கை வர்றவங்களுக்கு அது உச்சந்தலை முடியோட வேரைச் சுருக்கிடும். அதே ஹார்மோன்தான் தாடியையும் நெஞ்சு முடியையும் வளர்க்குது. உங்க அப்பாவுக்கு, தாய்மாமனுக்கு வழுக்கை உண்டா?”

“ரெண்டு பேருக்கும்.”

“சாப்பாட்டுல இரும்புச்சத்து, புரதம் குறைஞ்சாலும் முடி கொட்டும். உங்களுக்கு அப்படித் தெரியலை. எதுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க.”

பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. எள்ளுருண்டையால் எடை மட்டும் நாலு கிலோ கூடியிருந்தது.

மறுநாள் காலை சிற்றம்பலம் குருவிடம் கேட்டார்.

“சாமி, உடம்புக்குள்ள ஓடுறது ஒரே சாறுங்கிறாங்க. காதுல வளர்க்குற அதே சாறு தலையில எதுக்குச் சுருக்கணும்? என்ன நியாயம் இது?”

அருள்வேலர் எழுந்து கொல்லைக்கு நடந்தார். போகும் வழியில் சமையல்கட்டிலிருந்து ஒரு கட்டி உப்பை எடுத்துக்கொண்டார். அதை வாழையின் அடியில் ஒரு கல்மேல் வைத்தார்.

“வாழைக்கு ஒரு குடம் ஊத்துங்க.”

ஊற்றினார்.

“உப்புக்கு ஒரு குடம்.”

“கரைஞ்சு போயிடுமே, சாமி!”

“ஊத்துங்க.”

உப்பு கரைந்து போயிற்று. சமையல்கட்டு வாசலில் நின்ற பொன்னுரங்கம் தலையில் அடித்துக்கொண்டார்.

“தண்ணி ரெண்டா?” என்று குரு கேட்டார்.

“ஒண்ணுதான்.”

“அப்ப அதுகிட்ட என்ன சண்டை?”

சிற்றம்பலம் அன்றோடு கரிசலாங்கண்ணிச் சாற்றை விட்டார். எள்ளுருண்டையையும் விட்டார். நோட்டை விடவில்லை.

மாசி மகம் வந்தது. ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். படித்துறையில் அருள்வேலர் உட்கார்ந்திருந்தார். மடியில் மடித்த காவித்துணி, பக்கத்தில் கத்தி. பொன்னுரங்கம் பொங்கல் பானையோடு மேல்படியில் நின்றார்.

சிற்றம்பலம் ஈரவேட்டியோடு வந்தார். இடது கையில் நோட்டு. வலது கையில் ஒரு பெரிய கண்ணாடி பாட்டில். அது நிறைய முடி.

“அடப்பாவி! ரெண்டு வருஷமா நான் தேடுற மாங்காய் ஊறுகாய் பாட்டில்!” என்றார் பொன்னுரங்கம்.

சிற்றம்பலம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டிலையும் நோட்டையும் குருவின் முன்னால் வைத்தார்.

“தலையில அறுக்க ஒண்ணும் மிச்சமில்லை, சாமி. ஆனா கொட்டினதுல ஒண்ணைக் கூட விடலை. நோட்டுல கணக்கு இருக்கு. இதையே குடுமியா எடுத்துக்கிட்டு எனக்குக் காவி கொடுக்கணும்.”

“ஒண்ணைக் கூட விடலையா?”

“ஒண்ணைக் கூட விடலை, சாமி.” அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அருள்வேலர் பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். கறுப்பு அடியில் கிடந்தது, நரை மேலே. மூடியை மோந்து பார்த்தார். இன்னும் லேசாகப் பெருங்காய வாசம் வந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பொன்னுரங்கமும் சிரித்தார். சிற்றம்பலம் மட்டும் கைகூப்பியபடி நின்றார்.

“குடுமி இல்லாதவனுக்குக் காவி இல்லைன்னு சொல்லிடாதீங்க, சாமி. எனக்குப் போக வேற இடமில்லை.”

குரு சிரிப்பை நிறுத்தினார். பாட்டிலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“முடி எப்பவோ துறவு வாங்கிடுச்சு, மீட்டர்காரரே. நீங்கதான் பாக்கி.”

 சிற்றம்பலம் தண்ணீரில் இறங்கி மூடியைத் திருகித் திறந்தார்.