மஞ்சள் நீர் குடித்த மரையாணி

இரும்புக்கும் கோபம் வரும் என்று மனிதர்கள் நம்பிய காலத்தில், வீரசேனன் என்று ஒரு ராஜா இருந்தார். அவருடைய ஊருக்கு மேலே பெரிய ஏரி. ஏரிக்கு ஒரே ஒரு மதகு. அந்த மதகுப் பலகையைப் பூட்டி வைத்திருந்தது, திருகிக் கழற்றும் ஒரு மரையாணி. சதுரத் தலை, முழங்கை நீளம்.

பத்து வருஷமாக ஏரி நிறையவில்லை. மதகைத் திறக்கும் வேலையும் வரவில்லை. பதினோராம் வருஷம் மழை பிடித்துக்கொண்டது, பாருங்கள்! ஏழே நாளில் ஏரி நிரம்பியது. பொழுது சாய்வதற்குள் மதகு திறக்காவிட்டால் கரை உடையும். கரைக்குக் கீழே இருநூறு வீடுகள்.

ஆணியோ அசையவில்லை. அது இருந்த இடம் ஒரு கல் பொந்து. ஒரே ஆள்தான் படுத்தபடி உள்ளே போகலாம். முழங்கையை மடக்கினால் கல்லில் இடிக்கும்.

முதலில் அரண்மனை மல்லன் போனான். குறட்டால் ஆணித் தலையைக் கவ்வி, மூச்சைப் பிடித்துத் திருகினான். ஆணி திரும்பவில்லை. அதன் நாலு மூலையும் மழுங்கி, தலை எலுமிச்சம்பழம் போல உருண்டைதான் ஆனது.

அடுத்து கொல்லர் தலைவர் மாசாத்தன் சம்மட்டியோடு போனார். ஓங்க இடமேது? ஓங்கிய சம்மட்டி கூரைக் கல்லில் பட்டு அவர் கைமேலேயே விழுந்தது. வீங்கிய விரலோடு வெளியே வந்தார்.

மூன்றாவதாகச் செங்கமலம் வந்தாள். செக்கில் எண்ணெய் ஆட்டுகிறவள். கரைக்குக் கீழே முதல் வீடு அவளுடையது. அவளுக்கும் பயம்தான். ஆனாலும் கேட்காமல் இருக்க அவளால் முடியாது, அது பிறவிக் குணம்.

“இந்த ஆணிக்கு வருஷா வருஷம் என்ன செய்வீங்க சாமி?” என்று கரையில் ராஜாவோடு நின்ற மந்திரியைக் கேட்டாள்.

மந்திரி நிமிர்ந்து நின்றார். “ஆடிப் பதினெட்டுக்குப் பாலும் மஞ்சள் நீரும் குடம் குடமாக அபிஷேகம். பத்து வருஷமாக ஒரு குறையும் வைத்ததில்லை!”

செங்கமலம் தலையில் கை வைத்துக்கொண்டாள். அகல் விளக்கு, சிற்றுளி, சின்னச் சுத்தி, ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய், இவற்றோடு உள்ளே ஊர்ந்து போனாள்.

எண்ணெய் விட்டாள், மெல்லத் தட்டினாள், காத்திருந்தாள். மறுபடி விட்டாள், தட்டினாள், காத்திருந்தாள். மூன்றாம் முறையும் அப்படியே. தண்ணீர் கரையின் உச்சியைத் தொட இரண்டு விரற்கடைதான் பாக்கி.

“என்னம்மா செய்கிறாய்?” என்று ராஜா கத்தினார்.

“எண்ணெய் உள்ளே போக வழி தேடுது மகாராஜா. கொஞ்சம் பொறுங்க.”

பிறகு உருண்ட தலையின் ஓரத்தில் உளியால் ஒரு வெட்டு வெட்டினாள். அதில் உளியைச் சாய்த்து வைத்து, சாண் தூரத்திலிருந்து தட்டினாள். எட்டிப் பார்த்த மாசாத்தன் அலறினார். “ஐயையோ, கழட்டச் சொன்னா இறுக்குறாளே!”

“எந்தப் பக்கமானா என்னண்ணே? முதல்ல அது அசையட்டும்!”

கிர்ரென்று ஒரு சின்னச் சத்தம். துரு உதிர்ந்தது. ஆணி மயிரிழை நகர்ந்தது. உடனே எதிர்ப்பக்கமாக வெட்டித் தட்டினாள். கால் சுற்று, அரைச் சுற்று, முழுச் சுற்று. பிறகு கையாலேயே திருகிக் கழற்றினாள். ஆணியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வெளியே வந்ததும் ஆட்கள் பலகையைத் தூக்கினார்கள். வெள்ளம் கால்வாயில் பாய்ந்தது. செங்கமலம் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள், உட்கார்ந்து அழுதாள்.

ஆணிக்கு நன்றி சொல்ல மந்திரி பால் குடத்தோடு ஓடி வந்தார். ராஜா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “போதுமய்யா! இனி இதற்கு எண்ணெய்க்காப்பு மட்டும்தான்.”

ஆகையால் கேளுங்கள்: இறுகிப் போனதை இளக்க நினைக்கிறவர், அது எதனால் இறுகியது என்று முதலில் கேட்க வேண்டும்.