வானத்தில் வரப்பு விழுந்த கதை

அந்தக் காலத்தில் வானத்துக்கு வரப்பு கிடையாது. சிறகு இருந்தால் போதும், யாரும் எங்கும் பறக்கலாம், எங்கும் நிற்கலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை. இன்றைக்கு ட்ரோன் விடுகிறவர்களும் குட்டி விமானம் ஓட்டுகிறவர்களும் தாழ்ந்த வானம் யாருக்கென்று மல்லுக்கு நிற்கிறார்களே, அதை என்னவோ புதுச் சண்டை என்று நினைத்து மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அட போங்கள்! அந்தச் சண்டை பூவாணிக் குளத்தில் அப்போதே வந்து, அப்போதே தீர்ந்தும் போயிற்று.

குளத்தின் நடுவில் ஒரு கருவேல மரம். அதில் பேராச்சி என்ற கூழைக்கடா கூடு கட்டியிருந்தாள். கூழைக்கடா தெரியும்தானே? முழ நீள அலகும், அலகுக்குக் கீழே மீன் அள்ளுகிற பையுமாக இருக்கும் பெரிய பறவை. அந்த வருடம் கோடை முந்திக்கொண்டது. குளத்தில் கணுக்கால் தண்ணீர்தான், மீன் ஒன்றுகூட இல்லை. மற்றக் கூழைக்கடாக்கள் ஆற்றோரம் குடிபோய்விட்டன. பேராச்சி போகவில்லை. அவளுடைய ஒரே குஞ்சுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. அதை விட்டுவிட்டு எப்படிப் போவாள்?

தினமும் விடிந்ததும் கிழக்கே ஆற்றுக்குப் பறப்பாள். பொழுது சாய்கிற நேரத்தில் கிடைத்த மீனைப் பையில் சுமந்துகொண்டு திரும்புவாள். பாரம் இருக்கும்போது அவளால் சட்டென்று நிற்கவும் முடியாது, சட்டென்று திரும்பவும் முடியாது. தூரத்திலிருந்தே தாழத் தாழ வந்து, தண்ணீரை ஒட்டி மிதந்து, நேராக மரத்துக்கு வந்து சேர்வாள்.

அதே நேரத்தில், அதே இடத்தில்தான் தட்டான்களின் ஆட்டமும் நடக்கும். என்ன ஆட்டம் என்கிறீர்களா? நிற்கிற ஆட்டம்! குளத்துக் கோரைப் புல்லுக்கு மேலே, அந்தரத்தில் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். முதலில் அசைந்தவன் தோற்றான். இந்த ஆட்டத்தில் ஊசியன் என்ற தட்டானை அடிக்க ஆள் கிடையாது. பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடத் தோற்காதவன். தலை முழுக்கக் கண், வாய் முழுக்கப் பெருமை.

ஒருநாள் ஆட்டம் மும்முரமாக இருந்தபோது பேராச்சி வந்தாள். தட்டான்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவனும் அசையவில்லை. அசைந்தால் தோற்றுப்போவார்களே! பேராச்சி நேராக அவர்கள் நடுவில் புகுந்தாள். என்ன மோதியது என்றே தெரியாமல் பதறி ஒருபக்கம் சாய்ந்தாள், சிறகு கிளையில் அடித்தது, பை திறந்துகொண்டது. அத்தனை மீனும் சேற்றில் விழ, கொக்குகள் ஓடிவந்து நிமிடத்தில் தின்று தீர்த்துவிட்டன. மூன்று தட்டான்கள் சிறகு கிழிந்து சேற்றில் கிடந்தன.

ஊசியன் கோபமாகக் கூட்டுக்கு வந்தான்.

"எக்கா! இத்தனை பேரு நிக்கோம், உங்களுக்குக் கண்ணு தெரியலியா?"

"நின்னீங்களா? வானத்துல எவம்லே நிப்பான்? பறக்குறவன் போய்க்கிட்டுல்லா இருப்பான்!" என்றாள் பேராச்சி.

"நான் உங்களை அந்தா தூரத்துல வரும்போதே பாத்துட்டேன்."

"பாத்தவன் ஏம்லே விலகல?"

"நான் பாத்தா நீங்களும் பாத்திருப்பீங்கல்லா? பெரிய ஆளு நீங்கதான் விலகணும்."

பேராச்சி சிறகைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே குஞ்சு கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது. அம்மா வந்ததுகூடத் தெரியாமல் கிடந்தது.

"நேத்து ரெண்டே மீன்தான் கிடைச்சுது. இன்னைக்கு நீங்க கொட்ட வச்சுட்டீங்க. நாளைக்கும் இரை இல்லைன்னா எம் புள்ளை எனக்கில்ல, ஊசியா" என்றாள்.

ஊசியனின் கோபம் இறங்கிவிட்டது. ஆனாலும் வீம்பு இறங்க வேண்டுமே! "அதுக்கு நீங்க பாத்து வந்திருக்கணும்லா" என்று முனகினான்.

"சரி, நாளைக்கு எந்தலையில ஏறி உக்காரு. எங்கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு நீயே பாரு" என்றாள் பேராச்சி.

அதுவரை எந்தத் தட்டானும் ஒரு பறவையின் தலையில் ஏறிப் போனதில்லை. பறவையின் வயிற்றுக்குள் போயிருக்கிறது, அது வேறு விஷயம். மறுநாள் விடிந்ததும் ஊசியன் ஏறினான். முன்னால் பார்த்தான், அலகு. கீழே பார்த்தான், பை. அலகுக்கு அந்தப் பக்கம் உலகம் ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

"இவ்வளவுதானாக்கா உங்களுக்குத் தெரியும்?"

"ரெண்டு பக்கமும் நல்லாத் தெரியும்லே. முன்னால என் மூக்கே மறைச்சுரும்."

ஆற்றில் அன்று நல்ல வேட்டை. பை புடைக்க மீன் அள்ளிக்கொண்டு திரும்பினார்கள். குளம் தெரிந்தபோது சூரியன் எதிரே நின்று தண்ணீரெல்லாம் தகதகவென்று மின்னியது. ஊசியன் அலகின் நுனிக்கே போய் உட்கார்ந்து, ஆயிரம் கண்ணாலும் பார்த்தான்.

"எக்கா, எங்க ஆளுக ஒருத்தனும் இல்லை. தாராளமா இறங்குங்க!"

பேராச்சி தாழ்ந்தாள். தாழ்ந்து, இன்னும் தாழ்ந்து, தண்ணீரை ஒட்டி வந்துவிட்டாள். அப்போதுதான் ஊசியனுக்கு உறைத்தது. இது ஆட்ட நேரம் அல்லவா? அவர்கள் அங்கேதான் இருப்பார்கள்! கண்ணாடிச் சிறகு மின்னுகிற தண்ணீரோடு தண்ணீராகப் போய், சொந்தச் சாதிசனத்தை அவனுக்கே தெரியவில்லை.

"எழும்புங்கக்கா! எழும்புங்க!"

பேராச்சி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பையை இறுக்கி மூடிக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிச் சிறகை அடித்தாள். தட்டான்களின் தலைக்கு ஒரு விரற்கடை மேலே தப்பி எழும்பினாள். "இன்னொரு சுத்துதாம்லே என்னால முடியும். அதுக்குள்ள ஏதாச்சும் செய்" என்று மூச்சிரைத்தாள்.

ஊசியன் குதித்துப் பாய்ந்தான். "இறங்குங்கலே! கோரை உசரத்துக்குக் கீழ இறங்குங்க! அக்கா வாரா!"

ஒருவனும் அசையவில்லை. "பாத்துட்டோம், பாத்துட்டோம். எங்களை அசைய வச்சு நீ ஜெயிக்கப் பாக்கியா?" என்று சிரித்தார்கள்.

பேராச்சி பாதிச் சுற்று வந்துவிட்டாள். ஊசியன் மரத்தைப் பார்த்தான். கூட்டில் அந்தக் குஞ்சின் தலை துவண்டு ஆடியது. அவ்வளவுதான், பிறந்ததிலிருந்து அவன் வாயில் வராத சொல் வந்துவிட்டது.

"நான் தோத்துட்டேம்லே! ஊசியன் தோத்துட்டான், போதுமா! ஆட்டம் முடிஞ்சுது, இறங்குங்க!"

ஊசியனே தோற்ற பிறகு யாரை ஜெயிக்க நிற்பது? தட்டான்கள் அத்தனையும் பொலபொலவென்று கோரைக்குள் இறங்கின. அவர்கள் தலைக்குமேல் பேராச்சி நேராக மிதந்து போய் மரத்தில் இறங்கினாள். குஞ்சுக்கு வாய் திறக்கத் தெம்பில்லை. அவளே அலகால் திறந்து ஊட்டினாள். மூன்றாவது மீனுக்கு அது கண் விழித்து, நான்காவது மீனுக்குக் கத்த ஆரம்பித்தது. அந்தக் கத்தல் காதில் விழுந்ததும் ஊசியன் தேம்பித் தேம்பி அழுதான், வெட்கப்படவே இல்லை.

மறுநாள் இருவரும் பேசி முடித்தார்கள். கோரை நுனிதான் வரப்பு, இறங்குகிற நேரத்தில் அதற்குமேல் தட்டான் நிற்கக் கூடாது. பேராச்சியும் சும்மா இருந்துவிடவில்லை. "நீ மட்டும் விட்டுக்குடுத்தா நல்லாவா இருக்கும்? நானும் ஒரு சுத்துச் சுத்தி, வாரேன்னு காட்டிட்டே இறங்குறேன்" என்றாள். பிறகு குளத்துக் கருஞ்சேற்றில் அலகை நனைத்து, ஊசியனின் நான்கு சிறகு நுனியிலும் சிறகுக்கொன்றாகப் பொட்டு வைத்தாள்.

"என்னக்கா, பச்சப்புள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க மாதிரி?"

"இனி எங்கண்ணுக்கு நீ தெரியணும்லா."

மற்றத் தட்டான்களும் எனக்கு, எனக்கு என்று வரிசையில் வந்து நின்றன.

ட்ரோன்காரர்களும் விமானக்காரர்களும் ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் ஏதாவது ஒரு குளக்கரையில் போய் நின்று பார்க்கட்டும். அன்று முதல்தான் கூழைக்கடா, கூட்டில் குஞ்சு எத்தனை கத்தினாலும், குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குகிறது; தட்டானும் நான்கு சிறகில் பொட்டோடு அந்தரத்தில் நின்று, யாராவது பக்கத்தில் வந்தால் தானே முதலில் விலகிக்கொள்கிறது, தோற்றதாக அது நினைப்பதே இல்லை.