கவிழ்த்து வைத்த கை

இக்கதையின் முடிவில் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே, இதில் வருபவர்களின் முகங்களைவிட அவர்களுடைய கைகளைக் கவனித்து வாருங்கள்.

உடுமலைப்பேட்டையில், நூற்பாலைத் தொழிலாளி சென்னியப்பனின் மனைவி ரங்கநாயகி, வீட்டுச் செலவை ஆறு டப்பாக்களில் பகுத்து வைத்திருந்தாள். அரிசி, வாடகை, பால், மின்கட்டணம், மகளின் பாலிடெக்னிக் கட்டணம் என ஐந்து; ஆறாவது, சீட்டாட்டம். மாதந்தோறும் மனமகிழ் மன்றத்தில் நடக்கும் ரம்மிப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் அதிலிருந்து போகும். அந்த ஆறாவது டப்பா ஒருமுறைகூடத் தானாக நிறைந்ததில்லை. மற்ற டப்பாக்கள் அதற்குக் கொடுக்கும்; திரும்பப் பெறாது. நான்கு ஆண்டுகளில் சென்னியப்பன் இருமுறை வென்றான். முதல்முறைப் பரிசு மிக்சியாயிற்று. இரண்டாம் முறைப் பரிசு, அடுத்தடுத்த போட்டிகளின் நுழைவுக் கட்டணமாகவே கரைந்தது. இதற்காகக் கோபப்படுவதை எப்போது நிறுத்தினோம் என்று ரங்கநாயகிக்கே நினைவில்லை.

தோற்ற நாள்களில் அவன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கடைசிக் கையின் பதின்மூன்று சீட்டுகளையும் வரிசை பிசகாமல் ஒப்பிப்பான். "எந்தச் சீட்டுல தப்புப் பண்ணுனேன், சொல்லு பாக்கலாம்" என்பான். அவளும் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குப் பயிற்சித் துணையாக ஆடி ஆடி, ஆட்டம் அவளுக்கு அத்துபடியாகியிருந்தது.

மகளின் கட்டணத்துக்குக் கெடு நெருங்கிய ஆவணி மாதத்தில், ஐந்தாவது டப்பாவும் காலியாகக் கிடந்தது. அம்மாதப் போட்டியின் பரிசு பதினையாயிரம். கட்டணமும் ஏறத்தாழ அவ்வளவே. புறப்படும்போது சென்னியப்பன் செருப்பை மாட்டியபடியே சொன்னான்:

"இதுல தோத்தா இனி சீட்டத் தொட மாட்டேன். ஜெயிச்சா, நீ ஆயுசுக்கும் இதைப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. சரியா?"

"சரிங்க," என்றாள். சொன்ன சொல்லை மாற்றும் வழக்கம் அவனுக்கு இல்லை. அவளுக்கும் இல்லை.

நண்பகலில் அவள் சாப்பாடு கொண்டுபோனபோது, இறுதிச் சுற்றில் இருவரே எஞ்சியிருந்தனர்: சென்னியப்பனும், ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவரும். கையில் சீட்டு விழுந்த சற்று நேரத்தில் சென்னியப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது; ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. அவனுடைய நண்பன் அந்தோணிராசு அவனைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் கிடத்தி, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தான். ஆடுபவர் எழ நேர்ந்தால் குடும்பத்தார் ஒருவர் அவர் கையைத் தொடரலாம். வெற்றியும் தோல்வியும் பெயர் கொடுத்தவரையே சேரும். மன்றத்தின் வழக்கம் அது.

"நீங்க உக்காருங்க தங்கச்சி. உங்களுக்குத் தெரியாத ஆட்டமா?" என்றான் அந்தோணிராசு. பிறகு அவள் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

ஓவர்சியர் சிரித்தார். "என்னங்க அம்மிணி, ரசத்துக்குத் தாளிக்கற மாதிரின்னு நெனச்சுட்டீங்களா?"

"தாளிக்கறதுக்கும் பதம் பாக்கோணுங்க."

தோற்ற கைக்குப் புள்ளி ஏறும்; நூற்றொன்றைத் தொட்டவர் வெளியேற வேண்டும். ஓவர்சியருக்குத் தொண்ணூற்றொன்பது ஏறியிருந்தது; சென்னியப்பனின் கணக்கில் எழுபது. ஐந்தாறு சுற்றுகளில் அவள் கை சேர்ந்துவிட்டது. இன்னும் வேண்டியிருந்தது ஒரேயொரு சீட்டு, கிளாவர் எட்டு. ஓவர்சியர் அதையே எடுத்துப் போட்டார்.

அதை எடுத்துக்கொண்டு கையை விரித்தால் வெற்றி. கட்டணம் தீரும், ஆறாவது டப்பா ஆயுள் முழுதும் இருக்கும். விட்டால் கட்டணத்துக்கு வழியில்லை. ஆனால் டப்பாக்கள் ஐந்தாகும். மின்சாரம் போன வீட்டின் விசிறியைப் போல அவளுக்குள் எல்லாம் நின்றிருந்தது. விரல் மட்டும் ஒருமுறை காதுத்தோட்டைத் தொட்டு வந்தது.

"ஸ்கூட்டுங்க," என்று பதின்மூன்று சீட்டுகளையும் கவிழ்த்து வைத்தாள். ஸ்கூட்டு என்று பாதியில் ஒதுங்கினால் நாற்பது புள்ளி ஏறும். எழுபதோடு நாற்பது சேர்ந்தது. ஆட்டம் முடிந்தது.

பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்த அந்தோணிராசு வாயைத் திறக்கவில்லை. முகத்தைத் துடைத்தபடி சென்னியப்பன் உள்ளே வந்தான்.

"அப்படி என்ன கைங்க வெச்சிருந்தீங்க? பாக்கலாம்," என்று ஓவர்சியர் கை நீட்டினார். அதற்குள் சென்னியப்பன் அச்சீட்டுகளை எடுத்து, வழக்கம்போல் விசிறியாக ஒருகணம் விரித்து மூடினான். மேசையில் திறந்து கிடந்த கிளாவர் எட்டையும் அவற்றோடு சேர்த்துச் சீட்டுக்கட்டுக்குள் செருகி, நன்றாகக் கலைத்தான்.

"கவுத்த கையக் கேக்கறது மொறையில்லீங்க சார்."

வீட்டுக்கு வந்து தட்டில் போட்டதைச் சாப்பிட்டான். எந்தச் சீட்டில் தப்பு என்று கேட்கவில்லை. மறுநாள் ரங்கநாயகி தோட்டை விற்றுக் கட்டணத்தைக் கட்டினாள். காதில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டாள். ஆறாவது டப்பாவில் இப்போது கடுகு இருக்கிறது. மூன்று ஆண்டுகளாகச் சென்னியப்பன் சீட்டைத் தொடவில்லை. அந்தோணிராசு யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

வெல்ல வேண்டிய கையைக் கவிழ்த்தவள், கண்டும் பேசாதிருந்தவன், தோல்விக்குரிய சொல்லைக் காத்தவன்: இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: அந்தோணிராசுவின் மௌனம் நல்லதே, ஆனால் அதற்காக அவன் எதையும் இழக்கவில்லை. ரங்கநாயகி குடும்பத்தைக் காத்தாள். எனினும் தன்னை நம்பி விடப்பட்ட கையை வேண்டுமென்றே தோற்றாள். அதைச் சரி என்று எழுத எனக்குத் துணிவில்லை. தவறு என்று எழுதப் பேனா நகரவில்லை. சரியாகச் செய்தவன் சென்னியப்பன். ஒரு கையை ஒருமுறை பார்த்தால் மறக்காதவன், அன்று அந்தப் பதின்மூன்றையும் பார்த்தான், கிளாவர் எட்டையும் பார்த்தான். தட்டின் முன் அவன் கேள்வி கேட்காததற்குக் காரணம் அதுவே. 'இது தோல்வியன்று, என் சொல் என்னைக் கட்டாது' என்று அவன் வாதாடியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க முடியாது. நான்கு ஆண்டுத் தவறு இதனால் அழிந்துவிடாது. ஆயினும் தனக்கிருந்த கண்கூடான சாட்சியத்தை, அவள் எல்லார் முன்னும் தலைகுனியாதிருக்க, அவன் தன் கையாலேயே கலைத்துவிட்டான்.