பேரை எழுதினவர் பையைச் சுமக்கணும்

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காளைகள் என்று ஒரு ஹாக்கி அணி இருந்தது. ஆடுவதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் அணி. வருடத்துக்கு நாலு மாதம் லீக் பந்தயம். அதற்கு முன்னால் ஒரு மாதம் முகாம், எட்டுப் பயிற்சி ஆட்டம். முகாமுக்கு இருபத்தாறு பேர் வருவார்கள். லீக்குக்கு இருபது பேர்தான் போகலாம். மீதி ஆறு பேர் வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான்.

அந்த ஆறு பேர் யார் யார் என்று இருபத்தோரு வருடமாக முடிவு செய்தவர் பயிற்சியாளர் கோமதிநாயகம். இந்த வருடம் அந்த வேலையைத் துணைப் பயிற்சியாளர் அய்யலுசாமியின் தலையில் கட்டிவிட்டார். "இனிமே நீ பாரு" என்றார். அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை. அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு இருபது வார்த்தை வந்தால் அன்றைக்கு மழைதான் என்று ஆட்டக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

அய்யலுசாமிக்கு நாற்பத்தேழு வயது. இருபத்து மூன்றாவது வயதில் மாநில அணி முகாமிலிருந்து அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் ஆடியதை ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்க்காத ஒரு மகராசன், பட்டியலில் கோடு போட்டு அனுப்பினான். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. என் கையில் ஒரு பட்டியல் வரட்டும், ஒருத்தனுக்கும் இந்த அநியாயம் நடக்க விடமாட்டேன் என்று அப்போதே சத்தியம் செய்திருந்தார்.

பட்டியல் கைக்கு வந்தது. மனுஷன் சும்மா இருப்பாரா? இருபத்தாறு பேருக்கும் தனித்தனித் தாள். ஒவ்வொரு தாளிலும் பன்னிரண்டு கட்டம். ஓட்டம், பந்தைத் தடுப்பது, தள்ளிக் கொடுப்பது, சத்தம் கொடுத்து ஆடுவது, நிற்கிற இடத்தை விட்டு நகராமல் இருப்பது என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண். எட்டு ஆட்டத்தையும் வீடியோவில் நாலு நாலு தடவை பார்த்தார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

முகாமின் கடைசி நாள் காலையில் தாள்களை எடுத்துக்கொண்டு கோமதிநாயகத்திடம் போனார். அவர் மைதானத்து ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்டேன் சார். ஆறு பேரு."

கோமதிநாயகம் தாளைத் தொடவில்லை.

"பாக்கலியா சார்?"

"நீ பாத்தாச்சுல்லா?"

"பாத்தாச்சு. ஆனா மனசுல ஒரு கேள்வி கெடக்கு."

"கேளு."

"நான் போட்ட மதிப்பு சரிதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கோமதிநாயகம் மிச்ச டீயையும் குடித்து முடித்தார்.

"பத்து மணிக்குள்ள லீக் ஆபீசுக்குப் பட்டியலை அனுப்பு. அனுப்பிட்டு, அந்த ஆறு பேரு பையையும் தூக்கிட்டுப் போயி ஏத்தி விட்டுட்டு வா."

அது அந்த அணியில் ஒரு வழக்கம். கோமதிநாயகம் உண்டாக்கினது. பேரை எழுதினவர் பையைச் சுமக்கணும், போகிறவன் கைவீசி நடக்கணும். மைதானத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு அரைக் கிலோமீட்டர். கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். ஹாக்கிப் பைத்தியம் பிடித்த ஊர் அது. யார் பையை யார் தூக்குகிறார் என்று பார்த்தாலே எல்லாருக்கும் சேதி தெரிந்துவிடும். இத்தனை வருடம் கோமதிநாயகம் சுமந்து போனதைப் பார்த்து, போகிறவனுக்குச் செய்கிற மரியாதை என்றுதான் அய்யலுசாமி நினைத்திருந்தார்.

"பையைத் தூக்கினா தெரிஞ்சிரும்னா, முதல்ல தூக்கிட்டு அப்புறமா பட்டியலை அனுப்பலாமே சார்?"

"தூக்கிட்டு எழுதச் சொன்னா ஒருத்தன் பேரையும் எழுத மாட்டே."

ஒன்பது நாற்பதுக்கு அய்யலுசாமி பட்டியலை அனுப்பினார்.

முதல் பை கோல் கீப்பருடையது. கவசமும் கையுறையும் அடைத்த பை; தூக்கியதும் இடுப்பு ஒடிந்துவிடும் போலிருந்தது. அந்தப் பையன் பத்தடி முன்னாலேயே நடந்தான். பஸ்ஸில் ஏறி, அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். இரண்டாவது ஆள் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தான். வாயிலிருந்து சத்தமே வரவில்லை, கண்ணீர் மட்டும் ஓடியது. கடைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மூன்றாவது, ஒடிசாவிலிருந்து வந்த குஜூர். அவனுக்கு மட்டும் ரயிலடி. தமிழ் தெரியாத பிள்ளை. ஒரு மாதமாக முகாமில் ஊமை மாதிரித்தான் சாப்பிட்டான், ஆடினான், தூங்கினான். 'சத்தம் கொடுத்து ஆடுவது' என்ற கட்டத்தில் அய்யலுசாமி அவனுக்குப் பத்துக்கு இரண்டு போட்டிருந்தார். ரயில் வந்ததும் அவன் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறிப் போய்விட்டான்.

நாலாவது ஆளும் ஐந்தாவது ஆளும் ஒரே ஊர். சேர்ந்தே போகிறோம் என்று நின்றார்கள். தோளுக்கொன்றாக இரண்டு பையையும் போட்டுக்கொண்டு நடந்தார் அய்யலுசாமி. அவர்கள் தங்களுக்குள்கூட ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது இரண்டு தோளும் எரிந்தன. மனசு கனத்தது. ஆனால் உறுத்தவில்லை. உறுத்த என்ன இருக்கிறது? எட்டு ஆட்டம் பார்த்தாச்சு. பன்னிரண்டு கட்டம் போட்டாச்சு. எவன் முகத்துக்காகவும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

ஆறாவது பை சுடலைமணியுடையது.

சுடலைமணி ஒன்பது வருடமாக அணியின் பின்களத்தில் நின்றவன். வயது முப்பத்து மூன்று. அவனை இந்த அணிக்குக் கூட்டிவந்ததே அய்யலுசாமிதான். அவர் வீட்டுக் கல்யாணம் காட்சி என்றால் முதல் ஆளாக வந்து இலை போடுகிறவன். ஆனால் தாளில் என்ன எழுதியிருக்கிறது? எட்டு ஆட்டத்தில் இருபத்து மூன்று தடவை தன் இடத்தை விட்டு நகர்ந்திருக்கிறான். முகாமிலேயே அதுதான் அதிகம். அவனுக்குப் பக்கத்தில் ஆடிய எட்வின் இந்த வருடம்தான் வந்தவன்; பந்தை எடுத்துக்கொண்டு எதிராளி கோல் வரைக்கும் ஓடுகிறான். முகாமிலேயே அவனுக்குத்தான் அதிக மதிப்பெண்.

சுடலைக்குக் கால் தளர்ந்துவிட்டது, நிற்கிற இடத்தில் நிற்க முடியவில்லை என்று அய்யலுசாமி முடிவு கட்டினார். வேண்டியவன் என்பதற்காக அரை மதிப்பெண் கூட்டவில்லை. அதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது; இல்லை என்று சொன்னால் அது பொய்.

இருவரும் நடந்தார்கள்.

"அண்ணாச்சி, அந்தத் தோளு செவந்து போயிருக்கு. பையை இந்தப் பக்கம் மாத்துங்க."

"பரவால்லப்பா."

கடைத்தெருவில் சேவுக் கடைக்காரர் எழுந்து வெளியே வந்தார். பையைப் பார்த்தார். சுடலையைப் பார்த்தார். என்ன கேட்பது என்று தெரியாமல், "என்ன சுடலை, ஊருக்கா?" என்றார்.

"ஆமா மாமா. கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுத்துட்டு வாரேன்."

அய்யலுசாமிக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் விளாத்திகுளம் பஸ் இன்னும் வரவில்லை. நிழலில் உட்கார்ந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லலாமா? தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லு."

"எட்வினுக்குப் பின்னாடி ஒரு ஆளைப் போட்டுருங்க. பந்தைக் கண்டா அவன் நிக்க மாட்டான், ஓடிருவான். நல்ல ஓட்டம், தடுத்துராதீங்க. ஆனா அவன் விட்டுட்டுப் போற இடம் சும்மா தொறந்து கெடக்கும். யாராச்சும் போயி அங்க நிக்கணும்."

"இத்தனை நாளு யாரு நின்னா?"

"நான்தான் நின்னேன்."



"இருபத்து மூணு தடவையுமா?"

"எண்ணலியே அண்ணாச்சி."

"அட பாவி! ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அவனுக்கு மார்க் கொறைஞ்சிரும்லா. புதுப் பையன்."

"உனக்குக் கொறைஞ்சுதேடா!"

சுடலைமணி சிரித்தான். "எனக்கு என்ன? என்னைத்தான் உங்களுக்குத் தெரியும்லா. அப்படின்னு இருந்துட்டேன்."

பஸ் வந்துவிட்டது. பையை மேலே ஏற்றியது யார், எந்த சீட்டில் வைத்தது என்று அய்யலுசாமிக்கு எதுவும் நினைவில்லை. "வாரேன் அண்ணாச்சி, தோளுக்கு ஒத்தடம் குடுங்க" என்று படியிலிருந்து சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அத்தனை பேர் நடுவில், பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் அழுதார். யார் பார்த்தால் என்ன என்று ஆகிவிட்டது.

அங்கேயே நின்று லீக் ஆபீசுக்குப் போன் போட்டார். ஒரு பேரை மாற்ற வேண்டும் என்றார். பத்து மணியோடு முடிந்துபோச்சு சார் என்றார்கள். கெஞ்சினார். யாருக்காவது காயம் பட்டால் மட்டும் மாற்றலாம், வேறு எதற்கும் விதி கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

மூச்சிரைக்க மைதானத்துக்கு ஓடி வந்தார். கோமதிநாயகம் எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

அய்யலுசாமி எல்லாவற்றையும் கொட்டினார். சுடலை சொன்னது, லீக் ஆபீசில் சொன்னது, ஒன்று விடாமல்.

"காயம் பட்டா மாத்தலாமாம் சார். அந்த ஒரு வழிதான் இருக்கு."

"யாரு காலை உடைக்கப் போறே?"

அய்யலுசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா சார்? அவன் எட்வினுக்காகத்தான் ஓடிட்டிருந்தான்னு?"

"தெரியாது. நான் பந்தைத்தான் பாத்துட்டிருந்தேன்."

அது அய்யலுசாமிக்கு இன்னும் பெரிய அடி. குருவுக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தும் சொல்லாமல் சோதித்திருப்பார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு ஓடி வந்திருந்தார். கோபப்படவாவது ஒரு ஆள் இருக்கும் என்று நம்பியிருந்தார். இப்போது அதுவும் இல்லை.

"இனிமே என்னால ஆகாது சார். அடுத்த வருசம் நீங்களே எழுதுங்க. எனக்கு நடந்ததை நான் இன்னொருத்தனுக்குப் பண்ணிட்டேன். பாக்காம பண்ணியிருந்தாகூட மனசு ஆறும். நாலு நாலு தடவை பாத்துட்டுப் பண்ணினேன்."

கோமதிநாயகம் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார்.

"நான் நூத்து இருபத்தாறு பை தூக்கியிருக்கேன்."

அய்யலுசாமி நிமிர்ந்து பார்த்தார். இருபத்தோரு வருடத்தில் அவர் இதைப் பற்றி வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை.

"அதுல எத்தனை சார் தப்பாப் போச்சு?"

"நாலு பேரு சொன்னாங்க."

அய்யலுசாமிக்குப் போன உயிர் கொஞ்சம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. நூற்று இருபத்தாறில் நாலு! இவ்வளவு பெரிய மனுஷனுக்கே நாலு தப்பு நடந்திருக்கிறது. தனக்கு முதல் வருடத்திலேயே ஒன்று நடந்துவிட்டது. நடக்கக் கூடாததுதான், ஆனாலும் ஒன்றுதானே. சுடலைமணி வீட்டுக்குப் போய் அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கலாம். அடுத்த வருடம் லீக்குக்குப் போகிறவர்களில் முதல் பேராக அவன் பேரை எழுதலாம். ஒரு தப்பை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"நாலுதானா சார்? அப்ப இந்த ஒண்ணை நான் எப்படியாச்சும்..."

"நாலு தப்புன்னு நான் சொல்லலப்பா. நாலு பேரு சொன்னாங்கன்னேன்."

கோமதிநாயகமே மறுபடியும் கேட்டார்:

"இன்னைக்கு உங்கிட்ட எத்தனை பேரு பேசினாங்க?"

"சுடலை மட்டும்தான் சார்."

கோமதிநாயகம் காலி மைதானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மத்த அஞ்சு பேரும் ஒண்ணும் சொல்லாமத்தானே போனாங்க."